ஏழாவது ஓட்டை

எல்ஸ்பெத் ராம்சாயருக்குக் கோபம் வந்தால் வாய் முந்திக்கொள்ளும். இல்லாவிட்டால் ஈஸ்டர் விருந்தில், அத்தனை பேர் முன்னால், அப்பாவின் துப்பாக்கியைப் பந்தயம் வைத்திருப்பாளா?

எங்கள் சுவிஸ் பள்ளத்தாக்கான எம்மென்டாலில் பாலாடைக்கட்டிக் கிடங்கு அவள் பொறுப்பு. எண்பது கிலோ கட்டிகளைத் தினமும் புரட்டித் தேய்ப்பவள். அப்பா ராணுவத்தில் சுமந்த துப்பாக்கியை, மூத்தவன் நிக்லாவுஸ் இருக்கும்போதே, அவளுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். நிக்லாவுஸுக்கு அது ஆறாத புண். தான் நடத்தும் விடுதியின் சுவரில் அதை மாட்டிவைக்க அவனுக்கு ஆசை. அவளுக்கோ சுட வேண்டும். வருடாவருடம் ஊர்ச் சுடும் விழாவில் பதினெட்டுத் தோட்டாவுக்கு, ஒன்றுக்கு நாலு வரை, ஐம்பத்தேழு புள்ளி எடுத்தால், சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் தருவார்கள். பதினான்கு வருடமாக அவளுக்கு ஒன்றோ இரண்டோ குறைந்துகொண்டே வந்தது.

“அதுக்கும் வயசாயிடுச்சு, உனக்கும் வயசாயிடுச்சு. ரெண்டு பேரும் ஓய்வெடுங்க” என்று அந்த விருந்தில் சீண்டினான் அண்ணன்.

“இந்த வருஷம் சின்னம் வாங்கலேன்னா நீயே எடுத்துக்கோ, போ!”

விழாவன்று இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். அண்ணன் கையில் ராணுவத்தின் புது மாதிரித் துப்பாக்கி. நான் புள்ளி எழுதும் மேசையில், இலக்குகளின் அடியில் பள்ளத்தில் நின்று ஓட்டை எண்ணும் ஃப்ரிட்ஸோடு பேசும் தொலைபேசியோடு இருந்தேன். பன்னிரண்டு தோட்டா முடிந்தபோது எல்ஸ்பெத்துக்கு முப்பத்தேழு. கடைசி ஆறையும் ஒரே நிமிடத்தில் சுட்டு, இருபது எடுத்தாக வேண்டும். குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, படபடவென்று சுட்டு முடித்தாள். அதே நிமிடத்தில் அண்ணனும் தன் ஆறைச் சுட்டான்.

பள்ளத்திலிருந்து ஃப்ரிட்ஸ் கூப்பிட்டான். “எல்ஸ்பெத் இலக்குல ஏழு ஓட்டை இருக்கு! நாலு, நாலு, நாலு. மூணு, மூணு, மூணு. அப்புறம் ஒரு ரெண்டு. அண்ணன்காரன் இலக்குல அஞ்சுதான்.”

நான் அதை உரக்கச் சொன்னதும் எல்லோரும் நிக்லாவுஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்தது.

“சரிப்பா, ஒண்ணு தப்பிப் பக்கத்து இலக்குக்குப் போயிருக்கும். ஆனா அந்த நாலுல ஒண்ணுதான் என்னோடது. ரெண்டெல்லாம் நான் சுடறதா? கேக்கறவன் சிரிப்பான்!”

அப்படியானால் அவளுக்குப் பத்தொன்பது. மொத்தம் ஐம்பத்தாறு. மறுபடியும் ஒன்று குறைவு. எல்ஸ்பெத் துப்பாக்கியை மார்போடு சேர்த்துக்கொண்டாள். எனக்குப் பென்சில் ஓடவில்லை. சட்டென்று மண்டையில் உறைத்தது. பழைய துப்பாக்கியின் தோட்டா தடிமனானது, புதியதன் தோட்டா ஒல்லி!

“ஃப்ரிட்ஸ், ஓட்டைய அளந்து பாரு!”

அவன் ஏழையும் அளந்துவிட்டு வந்தான்.

“பொடி ஓட்டை ஒண்ணே ஒண்ணுதான்” என்றான் ஃப்ரிட்ஸ். “அது ரெண்டுல இருக்கு.”

“ஐம்பத்தெட்டு!” என்று கத்தினேன். கொட்டகை அதிர்ந்தது. எல்ஸ்பெத் சிரித்தாள், அழுதாள், என் கன்னத்தில்கூட முத்தம் கொடுத்தாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

சுடும் சங்கத்தின் தலைவன் என்ற முறையில் நிக்லாவுஸ்தான் சின்னத்தைக் குத்திவிட வேண்டும். குத்தினான். பிறகு, தொண்டைக்குள்ளேயே சொன்னான்: “அப்பா சரியான ஆளுக்குத்தான் குடுத்திருக்காரு.”

எல்ஸ்பெத் என் கையிலிருந்த தொலைபேசியைப் பிடுங்கி அவனிடம் நீட்டினாள்.

“சத்தமாச் சொல்லுண்ணே. பள்ளத்துல ஃப்ரிட்ஸுக்குக் கேக்கல.”

நிக்லாவுஸ் தங்கையை ஒரு முறை முறைத்தான். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தொலைபேசியே தேவையில்லாத அளவுக்குக் கத்திச் சொன்னான்.