ஒட்டுப்போட்ட பாட்டு

இன்று காலை தோழி அனுப்பிய மெட்டல் இசை ஆல்பத்தை ஹெட்போனில் கேட்டேன். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்த, அதே தாளத்தில் ஒரு சாக்ஸபோன் குழைந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! நேராக, சின்ன வயதில் ஏறித் திரிந்த அப்பாவின் லாரிக்குள் போய் விழுந்தேன்.

பந்தல்குடியில் லோடு ஏற்றிக் கிளம்பும் அப்பாவோடு லீவு நாளில் நானும் தொற்றிக்கொள்வேன். வண்டியின் டேப்ரெக்கார்டரில் நாடா அடிக்கடி சிக்கி அறுந்துவிடும். மிஞ்சிய துண்டுகளை அம்மாவின் நெயில்பாலிஷால் ஒட்டி, அப்பா ஒரே கேசட்டாக்கியிருந்தார். அம்மன் பாட்டு பாதியில் டிஸ்கோவாகும். டிஸ்கோ போய் ஒப்பாரியில் முட்டும். ஒட்டு வரும் இடத்துக்காகவே காத்திருந்து, சீட்டில் எம்பிக் குதிப்பேன்.

ஒருநாள் அருப்புக்கோட்டையில் கோயில் ஸ்பீக்கரில் அதே அம்மன் பாட்டு கடைசிவரை அம்மன் பாட்டாகவே ஓடியது.

"அப்பா, இவுக தப்பாப் பாடுறாக!" என்று அழுதேவிட்டேன். அன்றிலிருந்து எந்த முழுப் பாட்டும் எனக்குக் குறையாகவே கேட்டது.

இப்போது ஓடிப்போய், முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். கத்தலுக்கு முகம் சுளித்தவர், சாக்ஸபோன் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரு தாயி ஒட்டுனது? ஒட்டுன தடமே தெரியலையே!"