பேச்சு வரக் கட்டிய மணி

பேரனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்றாள் மகள். என் மச்சான் விடவில்லை. "ஆம்பளப்புள்ள லேட்டாத்தான் பேசும் மாப்ள. கோயில்ல மணி கட்டுங்க, போதும்." அலமாரி நிறையப் புத்தகம் படித்த நானும் மணி வாங்கிக்கொண்டு போனேன்.

கட்டியதும் பிள்ளையின் காதருகே மச்சான் மணியை ஓங்கி அடித்தார். பூசாரியே திடுக்கிட்டார். பேரன் திரும்பவில்லை.

"பாருங்க மாப்ள, என்னா அமைதி" என்றார் மச்சான். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே புதுக்கோட்டை பஸ் ஏறினாள்.

"காது கேக்காம எப்படிங்க பேச்சு வரும்? நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர். காதுக்குக் கருவி வைத்துப் பயிற்சி தொடங்கியாயிற்று.

இப்போது எந்த விசேஷத்திலும் யாராவது "தானாப் பேசும்" என்றால், "காதைப் பாத்தாச்சா?" என்று பந்தியிலேயே சண்டைக்கு நிற்கிறேன். மச்சானோடு எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதற்கு வைத்தியம் பார்க்கும் எண்ணமில்லை.