செபப்புத்தகத்துக்குள் ஒரு லீவுக் கடிதம்

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிள்ளை தங்கிப் படிக்கிறது. வந்தாறுமூலைக் கம்பஸில் இரண்டாம் வருசம். போன கிழமை அதற்குக் காய்ச்சல். படுத்த படுக்கையிலேயே போனை எடுத்து, டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைப் படம் பிடித்து எங்கேயோ அனுப்பியது. நான் கொத்தமல்லி அவித்து இறக்கவில்லை, அதற்குள் பதில் வந்துவிட்டது.

"லீவு தந்திட்டாங்க அன்ரி. வரவு எண்பது வீதத்துக்குக் குறையாதாம்" என்று போனைக் காட்டிச் சிரித்தது.

"நல்லது மகள், ஆண்டவர் சுகம் தருவார்" என்றுதான் சொன்னேன். வாய் சொன்னது அது. மனம் சொன்னதை உங்களிடம் மறைப்பானேன்? எரிந்தது. கையில் செபமாலை, அடுப்பில் கொத்தமல்லித் தண்ணீர், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்துப் பொறாமை. இந்த வயதில் இப்படியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் பொறாமை புதிதல்ல. சிலருக்குத் தொய்வு இழுப்பது போல, எனக்கு இது சின்ன வயதிலிருந்தே உண்டு. அதிலும் இந்த எண்பது வீதம் என்ற சொல்லைக் கேட்டால் கூடிவிடும்.

அறுபதுகளின் கடைசியில் நானும் ஒரு கல்லூரியில் படித்தவள்தான். பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரணதரத்தோடு நின்றுபோன பிள்ளைகளுக்காகப் புளியந்தீவில் நடந்த இரண்டு வருச வர்த்தக வகுப்பு. தட்டச்சு, சுருக்கெழுத்து, கந்தோர்க் கடிதம், அதாவது அலுவலகக் கடிதம், எழுதும் முறை. முப்பது பேர் இருந்தோம். யன்னலைத் திறந்தால் வாவி. காற்று கூடினால் தாள்கள் பறக்கும், மூடினால் தட்டச்சு நாடாவின் மையும் படியெடுக்கும் ரோணியோவின் மையும் சேர்ந்து மூக்கை அடைக்கும். இன்றைக்கும் எங்காவது புதுத் தாளில் மை மணந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது படிப்பல்ல, வாசலில் தொங்கிய கண்ணாடிப் பலகை.

அந்தப் பலகையில்தான் எங்கள் நிலை தெரியும். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அதில் மூன்று பகுதி. நல்நிலை, எச்சரிக்கை நிலை, நிறுத்த நிலை. புள்ளியும் வரவும் ஒழுக்கமும் சரியென்றால் நல்நிலை. ஒன்று தவறினால் எச்சரிக்கை. வரவு எண்பது வீதத்துக்குக் கீழே போனால் நிறுத்த நிலை. அந்த வருசம் சோதனை எழுத முடியாது. நல்நிலைக்குள்ளும் பெயர்கள் புள்ளி வரிசைப்படி இருக்கும். கல்லூரிக்குப் போன முதல் நாள் தந்த ஒழுங்கு விதித் தாளை நான் மந்திரம் போல மனப்பாடம் செய்திருந்தேன். அதனால்தானோ என்னவோ, என்னை வகுப்பு மொனிட்டராகப் போட்டார்கள். வரவு பதியும் இடாப்பு என் கையில். லீவுக் கடிதங்களை வாங்கிக் கந்தோரில் கொடுப்பதும் நான்தான்.

இவ்வளவு அதிகாரம் இருந்தும் பட்டியலில் நான் இரண்டாவது. முதலாவது மலர்.

மலர் படுவான்கரைப் பிள்ளை. அதாவது வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம். தகப்பனுக்கு அங்கே வயல். விடியமுன் எழுந்து, நடந்து, துறையில் ஓடம் ஏறி, பிறகு பஸ் பிடித்து வருவாள். ஓடம் பிந்தினால் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் சலுகை என்று விதியில் இருந்தது. கூப்பிடு தூரத்தில் வீடு இருந்த எனக்கு ஐந்து நிமிடம் பிந்தினாலும் சிவப்புக் கோடு. அந்தச் சலுகையில் எனக்கு எரிச்சல். அவள் விரல்களைப் பார்த்தாலும் எரிச்சல்; நாற்று நட்ட விரல்கள், தட்டச்சில் மழை பெய்த மாதிரி விழும். சுருக்கெழுத்துப் படிப்பித்த சேர், "மலரின்ர கொப்பிய வாங்கிப் பாருங்க புள்ளையள்" என்று சொல்லும்போதெல்லாம் என் காது சுடும். நான் வாங்கிப் பார்க்க மாட்டேன். அவள் வெளியே போன நேரம் திறந்து பார்ப்பேன்.

தினமும் காலைப் பூசைக்குப் போகிறவள் நான். அங்கே முழங்காலில் இருந்து என்ன மன்றாடினேன் தெரியுமா? "மாதாவே, மலருக்கு ஒரு சின்னக் காய்ச்சல் தாரும். பெரிசா வேண்டாம். சோதனைக் கிழமைக்கு மட்டும் காணும்." பெரிதாகக் கேட்காததால் அது பாவமில்லை என்று ஒரு கணக்கு.

இரண்டாம் வருச மாரி பொல்லாதது. வெள்ளம் வந்து ஓடம் பல நாள் ஓடவில்லை. மலரின் வரவு இறங்கி இறங்கி, வைகாசி வரும்போது எண்பதின் விளிம்பில் நின்றது. இடாப்பு என் கையில் இருந்ததால் அது எனக்கு நாள் கணக்காகத் தெரியும். இன்னும் மூன்று நாள் தவறினால் அவள் கீழே.

அப்போதுதான் ஒரு நாள் பகல் இடைவேளையில் வந்து என் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள்.

"மொனிட்டரம்மா, எனக்கு ஒரு கிழமை லீவு வேணும் கா."

"என்னத்துக்கு?"

"எங்கட ஊர்ல அம்மன்ட சடங்கு. நெல்லுக் குத்த என்னைத்தான் எடுத்திருக்காங்க. எங்கட குடிக்குள்ள முறை."

எங்கள் மாவட்டத்தில் குடி என்பது தாய்வழி. ஒவ்வொரு குடிக்கும் கோயிலில் ஒரு கடமை உண்டு. மாற்றுக்கு இன்னொருவரை அனுப்ப முடியாது. அம்மனுக்குப் படைக்கிற அரிசியைக் கலியாணம் ஆகாத பிள்ளைகள் விரதமிருந்து குற்ற வேண்டும். சடங்கு முடியும்வரை அவர்கள் கோயில் வளவை விட்டு வெளியே வருவதில்லை என்பது அவளுடைய ஊர் முறை.

"மாட்டன் எண்டு சொல்லேலாதா?" என்று கேட்டேன்.

"ஆர்ட்ட சொல்ற, அம்மாட்டயா, அம்மன்ட்டயா?" என்று சிரித்தாள். "ரெண்டு பேரும் சாமி ஆடுவாங்க புள்ள. வண்ணக்கர் கையொப்பம் வச்சுத் தந்திருக்கார். வெள்ளிக்கிழமைக்கு முந்திக் கந்தோர்ல குடுத்திரு, என்ன?"

வண்ணக்கர் என்பவர் கோயிலைப் பராமரிப்பவர். கோயில் அல்லது தேவாலயப் பெரியவரின் கடிதம், லீவு எடுக்குமுன் கந்தோருக்குக் கிடைத்தால், அந்த நாட்கள் வரவாகவே எண்ணப்படும் என்பது விதி. எங்கள் பங்குத் திருவிழாவுக்குப் பங்குக் குருவான சுவாமியிடம் கடிதம் வாங்கி அந்த விதியை முதலில் பயன்படுத்தியவளே நான்தான்.

"ஓம், குடுக்கிறன்" என்று வாங்கிச் செபப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

சத்தியமாக, மறைக்க நினைத்து வைக்கவில்லை. அந்த நேரம் கையில் இருந்த புத்தகம் அது. கந்தோர் பத்து எட்டு வைக்கும் தூரம். பின்னேரம் கொடுக்கலாம் என்றிருந்தேன். பின்னேரம், நாளைக்கு என்றேன். நாளைக்கு, கந்தோர்க் கிளாக்கர் ஐயா சாப்பிடுகிறார் என்றேன். வெள்ளிக்கிழமை வந்தது. அது மாதத்தின் முதல் வெள்ளி. பூசையில் புத்தகத்தைத் திறக்கிறேன், கடிதம் உத்தம மனஸ்தாப மந்திரத்துக்கு மேலே கிடக்கிறது. பாவத்துக்காக அழுகிற அந்த மந்திரத்தை மறைத்துக்கொண்டு. நான் என்ன செய்தேன்? கடிதத்தை எடுத்து மரித்தோர் மன்றாட்டுப் பக்கத்துக்கு மாற்றி வைத்துவிட்டு, மந்திரத்தை ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

அடுத்த கிழமை முழுவதும் மலரின் பெயருக்கு நேரே ஒவ்வொரு நாளும் சிவப்புக் கோடு போட்டேன். கோடு நேராகத்தான் விழுந்தது. பொய்யாக ஒரு கோடும் போடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பட்டியல் ஒட்டப்பட்டது. நல்நிலையில் முதலாவது என் பெயர். அதைப் பார்க்க நான் மூன்று தரம் தண்ணீர் குடிக்கப் போனேன். கடைசிப் பகுதியில், நிறுத்த நிலை என்ற தலைப்பின் கீழே, தனியே ஒரு பெயர்.

மலர் திரும்பி வந்த அன்று பலகையைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். உள்ளங்கை இரண்டும் உலக்கை பிடித்துக் கொப்பளித்திருந்தன. பையிலிருந்து இரண்டு மாம்பழம் எடுத்தாள்.

"பயப்படாமத் தின்னு. கோயில்ல படைச்சதில்ல, எங்கட ஊட்டு மரத்துப் பழம். உங்கட சுவாமி ஏச மாட்டார்."

தின்றேன். நல்ல இனிப்பு. அவளுக்கு இப்படி ஒரு மனம் இருக்கிறதே என்று அதிலும் ஒரு பொறாமை வந்தது. என்னைத் திருத்த முடியாது.

பிறகு யாரோ சொல்லிப் பலகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"கடிதத்தக் குடுத்தாயா கா?"

"குடுத்தன்" என்றேன்.

ஒரு சொல்தான். அவள் அதை நம்பிக் கந்தோருக்குப் போனாள். கிளாக்கர் ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி மேசை இலாச்சி முழுதும் தேடினார். "எனக்கு வரல்ல மகள்" என்றார். கல்லூரி அதிபர் கிளாக்கரைக் கூப்பிட்டு ஏசிய சத்தம் எங்கள் வகுப்புக்குக் கேட்டது. மலர் திரும்பி வந்து மேசையில் தலையை வைத்துக்கொண்டு, "இந்த வருசம் எழுதாட்டி அப்பா விடமாட்டார். கலியாணம் பேசி வச்சிருக்காங்க" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, மேசையிடம் சொன்னாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மறைப்புத் தட்டிக்கு அந்தப் பக்கம் சுவாமி காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இஞ்ச சொல்லிப்போட்டாப் போல கடிதம் கந்தோருக்குப் போயிருமா மகள்?" என்றார்.

"இல்ல சுவாமி."

"அப்ப எழும்பு. திங்கக்கிழம அங்க போ. மறுகா இஞ்ச வா."

பாவமன்னிப்புத் தராமலே அனுப்பிவிட்டார். மன்னிப்பு இல்லாமல் நற்கருணை எடுக்கக் கூடாது. அந்த ஞாயிறு அதை எடுக்கப் போகாமல் இருக்கையில் இருந்தவள் நான் ஒருத்திதான் போல இருந்தது. எடுத்து வந்த ஒவ்வொருவரையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதைப் பொறாமை என்று சொல்லலாமா தெரியவில்லை. பசி மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அதிபரின் மேசையில் கடிதத்தை வைத்தேன். அவர் திகதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்ப தந்தா இது பிந்தின கடிதம். விதிப்படி ஏற்கேலாது."

"சேர், அவ வெள்ளிக்கு முந்தியே என்ர கையில தந்தவ."

"மொனிட்டர்ர கைக்கு வந்தாக் கந்தோருக்கு வந்த மாதிரித்தான். ஆனா அத நீர் எழுதித் தரவேணும். எப்ப வாங்கினது, ஏன் தரல்ல எண்டு. எழுதினா உம்மட நிலை என்ன ஆகும் எண்டு தெரியும்தானே?"

எனக்குத் தெரியாதா? விதித் தாளை மனப்பாடம் செய்தவள் அல்லவா? எழுதினேன். 'ஏன்' என்ற இடத்தில் மறதி என்று எழுதப் போய், 'ம' போட்டு, வெட்டிவிட்டுப் பொறாமை என்று எழுதினேன். அதிபர் வாசித்தார். மடித்து வைத்தார். கிளாக்கர் ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர், "எனக்கும் ஒரு நிமிசம் என்னிலதான் சந்தேகம் வந்திட்டுது மகள்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்னும் குத்துகிறது.

புதிய பட்டியலில் மலர் நல்நிலையில் முதலாவது. நான் எச்சரிக்கை நிலை. வரவு இடாப்பை என்னிடமிருந்து வாங்கி மலரிடம் கொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் அவள் பஸ்ஸுக்குப் போகாமல் வாசலில் நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தேன்.

"எங்க ஓடுறாய்? நில்லு" என்றாள். "அதிபர் கூப்பிட்டுச் சொல்லிட்டார்."

ஏசுவாள், அடிப்பாள் என்று நின்றேன்.

"நானா இருந்தாக் கடிதத்தக் குடுத்திருக்கவே மாட்டன். வாவிக்குள்ள கிழிச்சு எறிஞ்சிருப்பன்."

"ஏன் கா அப்பிடிச் சொல்றாய்?"

"நீ மத்தியானம் ஊட்டுக்குப் போய்ச் சுடுசோறு தின்டுபோட்டு, முகம் கழுவிப் பவுடர் பூசிக்கிட்டு வருவாய். நான் விடியக் கட்டின சோத்த மணந்து பாத்துத்தான் தின்னுவன். அது புளிச்சுக் கிடக்கும். உன்ர சுடுசோத்தில எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? உன்ர கையெழுத்திலயும்தான். தேவாலயத்து மணி அடிச்சா எழும்புறாயே, அந்த நித்திரையிலயும்தான்."

என்னைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் ஒரு ஆள் இருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை. உண்மையைச் சொல்கிறேன், பிறகு சுவாமியிடம் பாவமன்னிப்புக் கிடைத்த அன்றைவிட அந்தப் பின்னேரம் எனக்கு லேசாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவளை மத்தியானம் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மா சோறு போட்டார். மலர் சுடச்சுடத் தின்றுவிட்டு, "இவ்வளவுதானா உன்ர சுடுசோறு?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

கடைசிச் சோதனையில் அவள் முதலாவது. நான் மூன்றாவது. நடுவில் ஒரு ஆண்பிள்ளை வந்தான்; அவன் மேல் எனக்கு ஒரு எரிச்சலும் வரவில்லை, பெயரே மறந்துவிட்டது. மலருக்குக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், வேலை கிடைத்தது. பேசி வைத்த கலியாணத்தை அவள் இரண்டு வருசம் தள்ளிப்போட்டாள். எனக்குக் கலியாணம் முந்தி நடந்தது. கலியாணத்துக்கு வந்த மலர் என் சீலையின் கரையைத் தடவிப் பார்த்து, "பாவி, இதிலயாவது நீ முந்திட்டாய்" என்றாள். எனக்கு அன்று முழுதும் சந்தோசம்.

எழுபதுகளில் அந்த வர்த்தக வகுப்பு நின்றுபோனது. கல்லூரி இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டிடம். மலருக்கு வெளியூருக்கு மாற்றம் வந்தது, கடிதங்கள் வந்தன, பிறகு நாட்டுப் பிரச்சினையும் யுத்தமும் வந்து கடிதமும் நின்றது. சில வருசத்துக்கு முன் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு வந்த படுவான்கரைப் பெண் ஒருத்தி, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெரு ஓரத்தில் நின்று சொன்னாள். அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். அம்மனைக் கும்பிடுகிற குடியில் பிறந்தவளுக்கு எங்கள் பூசை சேருமா என்று சுவாமியிடம் கேட்கவில்லை. கேட்டுப் பெறவேண்டிய அனுமதியாக அது எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு இன்று ஒரு குறையும் இல்லை. வீடு இருக்கிறது, பிள்ளைகள் நல்லாயிருக்கிறார்கள், மத்தியானம் சுடுசோறு கிடைக்கிறது. தட்டில் ஆவி பறக்கும்போது சில நேரம் நிமிர்ந்து பார்க்கிறேன். நல்லாயிருக்கிறாய் என்று சொல்லப் பலர் உண்டு. என் சோற்றைப் பார்த்து எரிய இப்போது ஒருவருமில்லை.