சந்தியாகு மனசால் வாங்கிய நன்மை

மாதா கோயில் சப்பர பவனியில் தவில் வாசிக்கிற கருத்தக்கண்ணன் கடைசி ஆளாகத்தான் பந்திக்கு வருவார். அதற்குள் அண்டாவில் தீய்ந்த அடிச்சோறு மட்டும்தான் கிடக்கும். கோயில் சமையல்காரர் சந்தியாகு வருஷா வருஷம் முதல் சோற்றிலேயே ஒரு பொட்டலம் கட்டி விறகுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். "மிஞ்சிப் போச்சு அண்ணே, வீணாப் போகாமத் தின்னுட்டுப் போங்க" என்று சலித்துக்கொள்வதுபோல அதை அவர் கையில் திணிப்பார். அம்புட்டுத்தான். யாரிடமும் சொன்னதில்லை.

பூசையில் ஆண்டவராகவே எண்ணி நாவில் வாங்கும் அப்பம்தான் தேவநன்மை. அதை வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். சந்தியாகுவுக்கோ உப்புப் பார்த்தே பழகிய நாக்கு. அதனால் சமையல் உள்ள திருநாள்களில் அவர் நன்மை வாங்குவதே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் அவர் மகள் ஞானப்பூவுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நன்மை வாங்கும் நாள். தாயில்லாப் பிள்ளை. "ஐயா, நீங்களும் எம் பக்கத்துல முட்டி போட்டு நன்மை வாங்கணும்" என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் பூசை முடிந்ததும் நாற்பது பிள்ளைகளுக்கும் பொங்கலும் சாம்பாரும் போடுகிற பொறுப்பும் அவருடையதுதான்.

விடியற்காலையில் வாயைச் சுற்றித் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றார். உப்புப் பார்க்க, கூட வேலை பார்க்கும் மொக்கையனை நியமித்திருந்தார்.

"என்னண்ணே, சமைக்க வந்தீகளா, கன்னம் வைக்க வந்தீகளா?" என்றான் மொக்கையன்.

"எலை நறுக்கப் போடா, மாப்ள."

அவன் தோட்டத்துப் பக்கம் போனான். அடுப்பு புகைந்தது. ஊதுகுழலால் ஊத வேண்டுமே, துண்டை இறக்கினார். தீ பற்றியது, சாம்பார் தளதளவென்று கொதித்தது. இருபது வருஷத்துப் பழக்கம். கை தானாகக் கரண்டியை எடுத்தது, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டது. நக்கி விழுங்கியும் ஆயிற்று.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுத்தான் நினைவு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பார்த்தவர் யாருமில்லை. பேசாமல் போய் மண்டியிட்டால் பிள்ளை முகம் மலரும். ஆனால் எந்த ஆண்டவரைப் பிள்ளையோடு சேர்ந்து வாங்க ஆசைப்பட்டாரோ அவரையே ஏமாற்றுவதா? எழுந்து நேராகச் சாமியாரிடம் ஓடினார்.

பூசை உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த சாமியார் முழுக் கதையும் கேட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னைக்கு நன்மை கெடையாது, சந்தியாகு. ஆனா பிள்ளை பக்கத்துல முழங்கால் போடுறதை யாரு தடுத்தா? ஆண்டவரே, எம் மனசுக்குள்ள வாங்கன்னு கூப்பிடு. வருவாரு."

பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியருகே மகளோடு முழங்கால் போட்டார். சாமியார் ஞானப்பூவின் நாவில் நன்மை வைத்து, அவரைத் தாண்டிப் போனார். சந்தியாகு கண்ணை மூடிக் கூப்பிட்டார். அப்படி ஏங்கி அவர் அதுவரை ஜெபித்ததே இல்லை. நெஞ்சு நிறைந்து, முகமெல்லாம் ஈரம்.

வெளியே வந்ததும் ஞானப்பூ கேட்டாள்: "ஐயா, உங்களுக்கு ஏன் சாமி குடுக்கல?"

அவர் ஒளிக்காமல் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்து முறைத்தாள். "சாம்பாராவது நல்லா இருந்துச்சா?"

"உப்புத் தூக்கல், தாயி."

இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் மொக்கையன் இலைக்கட்டோடு ஓடிவந்தான்.

அன்றுமுதல் அந்த ஜெபம் அவருக்கு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. காய் நறுக்கும்போதும் அரிசி களையும்போதும் உதடு அசையும். அடுப்படியில் பழையபடி ஒருவரையும் வைவதில்லை. "அண்ணனுக்கு நாக்கு செத்துப்போச்சா?" என்று மொக்கையன் கேலி செய்வான்.

நாற்பத்தைந்தில் ஞானப்பூ கன்னியர் மடத்துக்குப் புறப்பட்டாள். அடுத்த மழைக்காலத்தில் சந்தியாகு காய்ச்சலில் கண்மூடினார். அதனால் மதுரை ஸ்டேஷனில் பார்த்ததுதான் கடைசிப் பார்வை. ரயில் ஊதியதும் அவள் அழுதாள். அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார்.

"அழுகாத தாயி, கரி கண்ணுல விழும். காலையில ஆறு மணிப் பூசைக்கு நீ அங்க நில்லு, நான் இங்க நிக்கிறேன். தெனமும் மனசுக்குள்ள பாத்துக்கலாம்."