சிவப்பு பேட்ஜ்

எங்கள் தீர்த்தஹள்ளிப் பக்கத்துப் பள்ளியில் விமலாட்சி டீச்சர் இருபது வருஷமாகக் கணக்கு சொல்லித்தருகிறாள். ஒருவனுக்குப் பாட்டாகச் சொல்லுவாள், இன்னொருத்திக்குப் படம் போடுவாள், மூன்றாமவளிடம் ஒரு கூடைப் பாக்கைக் கொட்டி, “பங்கு போடுடீ” என்பாள். அடுத்த அறையில் கன்னடம் நடத்தும் எனக்கு அந்தக் கூச்சல் பெரிய தொல்லை. ஆனால் அவள் பிள்ளைகளுக்குக் கணக்கு வந்தது.

அப்புறம் ஷிவமொக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. பிள்ளைகள் மூன்று ரகமாம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர். ஹெட்மாஸ்டர் மஞ்சப்பா திரும்பி வரும்போது கண்ணுக்குச் சிவப்பு, காதுக்கு மஞ்சள், கைக்குப் பச்சை என்று பேட்ஜ் மூட்டையோடு வந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு பேட்ஜ். மாற்றக்கூடாது.

ஒரே வாரத்தில் ஊர் இதைத் தன் வழியில் புரிந்துகொண்டது. கண் என்றால் ஆபீசர், காது என்றால் அவர் சொன்னதைக் கேட்கும் குமாஸ்தா, கை என்றால் கூலி. கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர் சிபாரிசோடு வந்து பேரனுக்குக் கண் வாங்கிக்கொண்டு போனார்.

பூமிகாவுக்குப் பச்சை. அவளுக்குப் பாக்கைத் தொட்டால்தான் வகுத்தல் வரும். போன வருஷம் வேறு பள்ளியில் ஃபெயில். இந்த வருஷமும் தவறினால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அம்மா சேஷம்மா சொல்லியிருந்தாள். அதே சேஷம்மா வகுப்புக்குள் வந்து நின்றாள்.

“என்ன டீச்சரம்மா, எங்க வீட்டுக்கு மட்டும் கையா? இதப் பாருங்க!” பாக்கு உரித்துக் கறுத்துப்போன இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். “ஒரு வீட்டுக்கு இது போதாதா?”

“அம்மா, அது வேற கை...”

“கையில வேற கை ஏது? கண்ணு குடுங்க.”

மஞ்சப்பா கொடுத்துவிட்டார். அவருக்குச் சண்டை ஆகாது. பூமிகா சிவப்பு பேட்ஜோடு படங்களுக்கு முன்னால் உட்கார்ந்தாள். வகுத்தல் படத்தை அச்சு அசலாக வரைந்தாள். வகுத்தல்தான் வரவில்லை. பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தது.

விமலாட்சி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சிவப்பு பேட்ஜ்காரர்களுக்கு நடுவில் பாக்கைக் கொட்டினாள். “இது கண்ணைக் கூர்மையாக்கற பயிற்சி. பச்சைக்குக் கிடையாது!” என்று வாசல்வரை கேட்கும்படி சொன்னாள். மறுநாள் பஞ்சாயத்து உறுப்பினர் ஒரு மூட்டைப் பாக்கு அனுப்பினார். பச்சை பேட்ஜ் பிள்ளைகளுக்குப் பின்கட்டில் ரகசியமாகப் பாடம் நடந்தது. பூமிகா மறுபடி பாக்கைத் தொட்டாள்.

வாய்மொழிப் பரீட்சைக்கு அதிகாரி வந்தார். ஜன்னலுக்கு வெளியே அம்மாமார் கூட்டம்.

“எண்பத்து நாலு பாக்கு, ஏழு பேரு. ஆளுக்கு எத்தனை?”

பூமிகா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மடியில் இரண்டு கைகளும் இல்லாத பாக்கை அள்ளி அள்ளிப் பங்கு போட்டன.

“பன்னெண்டு சார்.”

அதிகாரி அவள் பேட்ஜைப் பார்த்தார். “அபாரம்! கண்ணால கத்துக்கற பிள்ளைன்னா இப்படி இருக்கணும்,” என்று மஞ்சப்பாவின் முதுகில் தட்டினார். மூடிய கண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பிள்ளை பாஸ்.

சேஷம்மா ஓடிவந்து விமலாட்சியின் காலைத் தொட்டாள். சிரிப்பும் அழுகையுமாக எழுந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“எல்லாம் சரி டீச்சரம்மா. பதில் சொல்றப்ப அது கையை அப்படி ஆட்டுதே, அந்தப் பழக்கத்தை மட்டும் எப்படியாவது நிறுத்திடுங்க. பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?”

விமலாட்சி, சேஷம்மாவின் கறுத்துப்போன இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.