அக்கா பெயரில் ஒரு பூச்சி

அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில் பூச்சிகளுக்கென்று ஓர் அறை உண்டு. இழுப்பறையைத் திறந்தால் அந்துருண்டை வாசம் மூக்கைத் துளைக்கும். மலைக்காட்டு அந்துப்பூச்சிகளை இனம் பிரித்து, அங்க அடையாளம் எழுதிவைப்பதுதான் அங்கே அவளுக்கு வேலை. தெருவில் அவளுக்குப் பட்டப்பெயர் பூச்சிக்காரி. அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டாள். உள்ளதைத்தானே சொல்கிறார்கள்!

அம்மா கண்ணை மூடியபின் அவளை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. தையல் மிஷினை மிதித்து மிதித்தே தங்கையைப் படிக்கவைத்தவள்.

ஒருமுறை மலையிலிருந்து வந்த பெட்டியில் காவிநிறப் பூச்சிகள் சில இருந்தன. முன்னிறக்கையில் அறுந்த நூல்போல ஒரு வெள்ளைக்கோடு, சீப்புப்பல் மாதிரி உணர்கொம்பு. எல்லாமே ஆண். வயிற்று நுனியைப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதிய இனம் என்று எழுதி, அக்காவின் பெயரையே அதற்கு வைத்தாள்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு அளவெடுக்கும் முன்பே பூச்சிக் கதையைத்தான் சொன்னாள்.

"உங்க அக்கா பேர்லயா? கடிக்காம இருக்குமா?" என்றார் அக்காவின் கணவரான மாமா.

"வாயே கிடையாது மாமா அதுக்கு."

"அப்ப பேரு தப்பும்மா!"

பெண்பூச்சி மட்டும் கிடைக்காமலே இருந்தது. அடுத்த மழைக்காலத்தில் அவளே மலையேறினாள். கூட வந்த வனக்காவலர் பாதையில் நின்றுகொள்ள, ஈரப்பாசி படர்ந்த மரமொன்றை அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய காவிப்பூச்சி அங்கே இணை சேர்ந்திருந்தது. கூட இருந்த பெண்ணுக்கு இறக்கை என்று சொல்ல இரண்டு துண்டுகள்தான். உடம்பெல்லாம் சாம்பல் ரோமம். அவளுக்கு அதைத் தெரியும். எவரோ எந்தக் காலத்திலோ பெயர்வைத்து, ஆண் எது என்று தெரியாமலே புத்தகத்தில் கிடந்த பூச்சி அது.

அப்படியானால் இரண்டும் ஒரே இனம். முதலில் வைத்த பெயருக்குத்தான் உரிமை. அக்காவின் பெயர் இனி செல்லாது. வேறு யாரும் பார்க்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியாமலில்லை. ஜோடியை டப்பாவில் எடுத்துக்கொண்டாள்.

"வேற யாராவது கண்டுபிடிக்கட்டுமே. இது உன் முதல் பூச்சி இல்லையா?" என்றார் துறைத்தலைவர். அவள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

"புருஷன் பொண்டாட்டியப் பிரிச்சு ரெண்டு இனம்னு எழுதிட்டேன் சார். கண்ணால பார்த்த அப்புறமும் எப்படி சும்மா இருக்கறது?"

எழுதுவது சுலபமாக இருந்தது. அக்காவிடம் சொல்வதுதான் மலையாகக் கனத்தது. கடையில் போய்ச் சொன்னபோது அக்கா மிஷினை நிறுத்தவேயில்லை.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனேடி" என்றாள் கடைசியில். அதன்பிறகு தங்கை கேட்பதற்கெல்லாம் 'ம்' என்ற பதில்தான்.

கொஞ்ச நாள் கழித்து, கடைவிடுமுறையன்று, அக்கா அருங்காட்சியகத்துக்கே வந்து நின்றாள். அதுவரை அந்தப் பக்கம் எட்டிப்பார்த்தவளில்லை.

"எங்க, அவளக் காட்டு."

நுண்ணோக்கியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஐயோ பாவம், றெக்கையே இல்லையேடி. எப்படிப் போவா?"

"எங்கயும் போகமாட்டாக்கா. மரத்துலயே உட்கார்ந்திருப்பா. அவன்தான் வாசனை பிடிச்சுத் தேடிக்கிட்டு வரணும்."

"வந்துட்டு, அவ பேரையே எடுத்துக்கணுமா?"

"ஆமாக்கா."

அக்கா நிமிர்ந்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. "கல்யாணம் ஆச்சு, பேரு மாறுச்சு. இவங்க ஊர்ல ஆம்பளைக்கு மாறுது. நல்ல ஊருடி!"

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "இதுக்குப்போய் இத்தனை நாள் சரியா சாப்பிடாம கிடந்தியா?" என்று அதட்டினாள்.

கட்டுரை அச்சில் வந்தது. பழைய பெயர் மேலே, அக்காவின் பெயர் அதற்குக் கீழே, செல்லாத பெயர் என்ற குறிப்போடு, சின்ன எழுத்தில். அக்கா இப்போதும் கடையில் பூச்சிக் கதை சொல்கிறாள். முன்பைவிட நீளமாக.