ஜெராக்ஸ் மல்லிகா அக்காவும் வாழைமரம் கட்டிய வேனும்

மல்லிகா அக்கா இறந்துவிட்டார் என்று போனில் சொன்னதும் என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை "அப்பாடா".

பக்கத்தில் நின்ற என் மனைவி கேட்டுவிட்டாள். காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. காபியும் வரவில்லை.

தெரியாதவர்களுக்கு... பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். ஊருக்கு ஏதாவது செய்கிறோம் என்று நாலு பேர் சேர்ந்து டிரஸ்ட் தொடங்கக் கிளம்பினால், முதலில் போய் நிற்பது அவர் கடையில்தான். பத்திரம் எப்படி எழுதுவது, எந்த ஆபீஸில் எந்த ஜன்னல், எல்லாம் சொல்லிக்கொடுப்பார். பதிலுக்குத் திட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னை "டேய்" என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஆள்.

செந்துறையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் போனோம். பத்திரத்தில் இருபத்திரண்டு நோக்கங்கள் எழுதியிருந்தோம். மரம் நடுதல், யோகா, விண்வெளி விழிப்புணர்வு...

"செந்துறையில எந்தப் பக்கம்டா இருக்கு விண்வெளி?"

அக்கா பேனா மூடியைக் கழற்றினார்.

"யாருக்குச் செய்யப் போறீங்க? ஒரே ஒரு ஆளு பேரச் சொல்லு."

நான் திணறி, கோவிந்தண்ணன் பேரைச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் கிராமம். முந்திரிக் கொல்லையில் வேலை பார்த்தவர், இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் அரியலூருக்கு டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறிப் போய், திரும்பும்போது நிற்கக்கூடத் தெம்பில்லாமல் வருவார்.

அக்கா 'நோயாளிகளுக்கு உதவி' என்ற ஒன்றை விட்டுவிட்டு மீதி இருபத்தொன்றையும் பேனாவால் அடித்தார். பத்திரத்தை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"மூணு மாசம் பேரு போர்டு இல்லாம அவனக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாங்க. அப்பறம் வாங்க, பதியலாம்."

யார் வந்தாலும் இதே சட்டம்தான்.

ஒரு பழைய வேன் பிடித்து, ஒரு மாதம் ஒழுங்காகத்தான் ஓட்டினோம். அப்புறம் நமக்கு அரிக்குமே... எனக்குத்தான் முதலில் அரித்தது. அந்த வேனுக்குப் பெயின்ட் அடித்து, பிளக்ஸ் கட்டி, "தொடக்க விழா" என்று போட்டேன். பிளக்ஸில் என் படம்தான் பெரிது. வேனின் முன்னால் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம். குறுக்கே ரிப்பன்.

விழா வைத்த நாள், கோவிந்தண்ணனின் டயாலிசிஸ் நாள். பதினோரு மணிக்கு அவர் ஷிப்ட். ஒன்பதரைக்கே விழாவை முடித்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

பத்து மணி ஆயிற்று. சிறப்பு விருந்தினர் "வந்துக்கிட்டே இருக்கேன்" என்றார். போன் செய்த மூன்று தடவையும் அதையேதான் சொன்னார்.

பத்தேகாலுக்குக் கோவிந்தண்ணன் சம்சாரம் கூப்பிட்டார். "தம்பி, ரோட்டுலயே நிக்கிறோம். இவருக்கு மூச்சு வாங்குது. காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. இன்னைக்கி வுட்டா இனி வெள்ளிக்கிழமதான் தம்பி..."

"அஞ்சே நிமிஷம்க்கா" என்றேன். பொய்.

திரும்பினால் பின்னால் மல்லிகா அக்கா. சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"கோவிந்தன் எங்கடா?"

"ரோட்டுல... நிகழ்ச்சி முடிஞ்சதும் அக்கா..."

அக்கா தட்டில் குங்குமத்தோடு இருந்த கத்திரிக்கோலை எடுத்தார். ரிப்பனைத் தொடவில்லை, நேரே போய் வாழைமரம் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். ஒரு மரம் விழுந்தது. இன்னொன்றின் முடிச்சு கம்பிக்கட்டு, அறுபடவில்லை.

"ஏறுடா."

ரிப்பனை அறுத்துக்கொண்டுதான் வேன் கிளம்பியது. டிரைவர், நான், ஒரு வாழைமரம்.

கோவிந்தண்ணனைத் தூக்கித்தான் ஏற்றினோம். சம்சாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள், ஒன்றன் பின் ஒன்றாக. ஒதுங்கவே இல்லை. வாழைமரத்தைப் பார்த்து ஒருவர் கல்யாண வண்டி என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பத்து நாற்பதுக்கு ரயில்வே கேட் மூடிவிட்டது. போன் வந்தது.

"எங்கடா இருக்க?"

"கேட்டு போட்டுட்டான் அக்கா..."

 அவர் போனை வைக்கவில்லை. கூட்ஸ் ரயில் முழுக்கப் போய் முடியும்வரை அக்கா மூச்சு விடுவது மட்டும் காதில் கேட்டது. பின்னால் கோவிந்தண்ணன் மூச்சு. 

பதினொன்றுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். "சேந்துட்டோம் அக்கா" என்றேன். "சரி, வை" என்றார். அவ்வளவுதான்.

விழா இடத்துக்கு விருந்தினர் வந்து வண்டி எங்கே என்று கேட்டிருக்கிறார். "வேலைக்குப் போயிருக்குங்க" என்று சொல்லி, சோடா வாங்கிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார் அக்கா.

எங்கள் பத்திரம் இன்னும் மூன்று மாதம் டிராயரில் கிடந்தது. அப்புறம் அவரே கூட வந்து பதிந்துகொடுத்தார்.

அதற்குப் பிறகு தா.பழூர், உடையார்பாளையம் என்று எங்கிருந்து எந்தப் புது டிரஸ்ட்காரர்கள் வந்தாலும் அக்கா இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார். என் பேரோடு. "மூணு நிமிஷத்துல தப்பிச்சான் ஒரு மனுசன்" என்று முடிப்பார். அதைக் கேட்டு விழாவைக் கைவிட்டவர்கள் நிறைய.

கோவிந்தண்ணன் இன்றைக்கு அக்காவுக்கு மாலை வாங்கிக்கொண்டு என்னோடு அதே வேனில்தான் வருகிறார்.

போயிட்டு வாங்க அக்கா.

விழா அன்றைக்கு டயாலிசிஸ் மிஷின் சர்வீஸ் நடந்ததால், கோவிந்தண்ணன் ஷிப்டை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டரைக்கு மாற்றியிருந்தார்கள். முதல் நாளே என் நம்பருக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தேன். அக்காவிடம் கடைசிவரை சொல்லவும் இல்லை.